பதினெட்டு வருடம் நான் எழுதாத ஒரு எழுத்து

புது வண்டி வந்திருக்கிறது, ஒரு நாள் அதில் போய்ப் பார்த்துவிட்டுப் புதிய ஓட்டுநர்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கும்பகோணம் கிளை அலுவலகத்திலிருந்து போன் செய்தார்கள். பழைய ஆட்களின் அனுபவங்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். சரி என்றேன். போனை வைப்பதற்குள் என் மனைவி வசந்தா ஆரம்பித்துவிட்டாள்.

"இரும்பு அடிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலை? ரிட்டயர் ஆகி ஆறு மாசம் ஆச்சு. கூப்ட்ட ஒடனே சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்றீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த மாதிரிக் கட்டுரைகளைப் பெருந்தன்மையோடு எழுத வேண்டும், காலம் மாறுகிறது, வாழ்த்துகள் என்று முடிக்க வேண்டும். என்னிடம் அந்தப் பெருந்தன்மை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. அதுவும் மனிதர் மேல்கூட இல்லை, புது வண்டியின் பின்னால் மடங்கிக்கொண்டு நிற்கும் ஓர் இரும்புத் தட்டின் மேல்.

வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை. நடக்க முடியாதவர்கள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் என்று பலரையும் வீட்டு வாசலில் ஏற்றி, போக வேண்டிய இடத்தின் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. பஸ் மாதிரி நேரம், தடம் எல்லாம் கிடையாது. முதல் நாள் போன் செய்து சொன்னால் மறுநாள் வண்டி வரும். அதனால் ஜனங்கள் அதற்குக் 'கூப்பிடு வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் அதற்கு முன் மினி லாரி ஓட்டினேன். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகளை ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோவேன். சுமை தூக்க ஆள் குறைந்தால் நானும் தோள் கொடுப்பேன். நாற்பது வயதில் அதை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தேன். பயிற்சி மொத்தம் பன்னிரண்டு நாள். வண்டி ஓட்டக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதால் பன்னிரண்டு நாளும் ஆளைத் தூக்கவும் இறக்கவும்தான்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் கிளைப் பொறுப்பாளர் சேவியர் சார். செயற்கைக்கால் பொருத்துகிற இடத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். பென்சில் எவ்வளவு குட்டையாகிறதோ அவ்வளவு கோபம் என்று நாங்களாகக் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எனக்கு இன்றும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. வண்டியை வாசலுக்கு இணையாக நிறுத்து. இஞ்சினை அணை, கை பிரேக் போடு. இறங்கிப் போய், அவர் உட்கார்ந்திருந்தால் நீயும் குனிந்து, முகத்துக்கு நேராக வணக்கம் சொல். பிறகு, "எப்படி ஏறிக்கிறீங்க?" என்று கேள். "ஏத்தட்டுமா?" என்று கேட்காதே. இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஒன்று அல்ல. பதில் வரும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். தூக்கச் சொன்னால் மட்டும் தூக்கு. பெண்கள் என்றால் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மடியில் ஒரு துண்டைப் போட வேண்டும். முழங்காலுக்கு அடியில் ஒரு கை, முதுகுக்குப் பின்னால் ஒரு கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத் தூக்கு.

"எண்ணுறது ஒனக்கு இல்ல, குணசேகரா. அவங்களுக்கு. இப்ப நம்மள நெலத்துலேருந்து எடுக்கப் போறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

வண்டி புறப்படும் முன் டிரிப் ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எழுத்து எழுத வேண்டும். தூக்கி ஏற்றினால் 'தூ'. கையைப் பிடித்துக்கொண்டு ஏறினால் 'பி'. தானாக ஏறிக்கொண்டால் 'தா'. நாளைக்கு வேறு ஓட்டுநர் போனாலும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு பழகிவிட்டது. தினமும் பார்க்கிற முகங்கள். மோர் கொடுப்பார்கள், பேத்தி பரீட்சை எழுதிய கதை சொல்வார்கள். அவர்கள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு "எப்படி ஏறிக்கிறீங்க?" என்று நின்றால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் வேண்டியவர் வீட்டுக்குப் போனால் "சாப்புடுறீங்களா?" என்று கேட்க மாட்டார்கள், இலையைப் போட்டுவிடுவார்கள். கேட்டால் வேற்றாளாக நினைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நானும் அந்தக் கணக்கில்தான் கேட்பதை நிறுத்தினேன். வாசலில் இறங்கியதும் "வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிடுவேன். நெல் மூட்டை தூக்கிய உடம்புக்கு அவர்கள் எல்லாம் பூ மாதிரி.

இங்கேதான் கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றியிருக்கிறேன். திருவிடைமருதூருக்குப் பக்கத்து ஊர். சிறு வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் சூம்பியவள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவளுக்கு இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தாள். கும்பகோணத்தில் ஒரு பத்திர எழுத்தர், அதாவது நில விற்பனை, பாகப்பிரிவினை எல்லாம் எழுதிப் பதிவு செய்து தருகிறவர், அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார். அழைத்துப்போனது நான்.

அந்த நாளைப் பற்றி நான் பேசாத இடம் இல்லை. கிளைக் கூட்டத்தில், கல்யாண வீட்டில், டீக்கடையில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழை. அலுவலகத்துக்கு ஏற மூன்று படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கடப்பைக் கல், மழையில் நனைந்து வழுவழுவென்று கிடந்தது. கோமதி காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தை மாட்டி, இரண்டு அக்குள் கட்டையையும் ஊன்றிக்கொண்டு, முதல் படிக்கு முன்னால் நின்றாள். அவள் அப்பா பின்னால் குடையோடு நின்றார். உள்ளே மேஜைக்குப் பின்னாலிருந்து பத்திர எழுத்தர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை வழுக்கினால் என்ன ஆகும்? கோமதி என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாவம், உதவி கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, "நான் இருக்கேன்ல" என்று சொல்லி அப்படியே தூக்கிவிட்டேன். கட்டைகள் இரண்டும் படியில் விழுந்தன. மூன்றே எட்டு. பத்திர எழுத்தருக்கு எதிர் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். "நம்ம பொண்ணு சார், பாத்துச் செய்யுங்க" என்றேன். அன்றைக்கே வேலை கிடைத்தது. அவள் அப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று முதல் கோமதி என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போன் செய்து வண்டி பதிய வேண்டும் என்பது விதி. கோமதி வீட்டில் நேராக என்னைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

ஒருமுறை எனக்குக் கடுமையான ஜுரம். எனக்குப் பதில் செல்வம் என்ற ஓட்டுநர் என் ஆட்களை ஏற்றப் போனான். படுத்துக்கொண்டு புரண்டேன். அவன் துண்டு போட்டானா, மெதுவாக வைத்தானா என்று ஒரே நினைப்பு. மூன்றாம் நாள் ஜுரம் விடுவதற்கு முன்பே சட்டையை மாட்டினேன். வசந்தா வாசலில் வழியை மறித்து நின்றாள்.

"கட்டுனவள ஒரு நாளாச்சும் இப்படித் தூக்கி வச்சுருக்கீங்களா? இதுக்கு மட்டும் உசுரு வந்துடுது" என்றாள்.

அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக செல்வத்தின் டிரிப் ஷீட்டைப் பிரித்தேன். கோமதி பெயருக்கு எதிரே இரண்டு நாளும் 'பி' என்று எழுதியிருந்தான். எனக்குச் சுரீர் என்றது.

"அந்தப் பொண்ண நடக்க வச்சியாடா? சோம்பேறிப் பயலே!"

"அதுதாண்ணே நடக்குறேன்னு சொல்லுச்சு. நான் கையை மட்டும்தான் குடுத்தேன்" என்றான்.

நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் சரி. மறுநாள் கோமதியை வழக்கம்போலத் தூக்கி ஏற்றினேன். "செல்வம் எப்புடி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த 'நல்லாத்தான்' என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் சேவியர் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் எல்லா ஓட்டுநர்களின் ஷீட்டும் இருந்தது. என்னுடையதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பக்கம் முழுக்க 'தூ', 'தூ', 'தூ' என்று துப்பி வைத்த மாதிரி இருந்தது. இடையில் எங்கேயாவது ஒரு 'பி'.

"ஏன் குணசேகரா, மத்த வண்டியில எல்லாம் நாலு பேராவது தானா ஏறுறாங்க. ஒன் வண்டியில மட்டும் ஒருத்தருமே ஏற மாட்டேங்குறாங்களே?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நம்ம வண்டியில வர்றவங்க சிரமப்படக் கூடாது சார்" என்றேன்.

"கேட்டியா?"

"நம்ம ஆளுங்ககிட்ட என்ன சார் கேக்குறது?"

பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். முனை வந்த பிறகும் சீவினார். நான் நின்று பார்த்துவிட்டு, வேறு யார் மேலோ கோபம் போலிருக்கிறது என்று வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவர்களுக்கு ஷீட்டைப் படிக்க நேரமில்லை. நான் ஓய்வுபெறும் நாள் வரை என் ஷீட்டில் 'தா' என்ற எழுத்து ஒருமுறைகூட வரவில்லை.

நான் போன பிறகுதான் எல்லாம் மாறியது. இப்போது செல்போனில் ஒரு செயலி. அதில் பதிந்தால் அருகில் இருக்கிற வண்டி வருகிறது. யார் ஓட்டி வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லையாம். "யார் வந்தா என்ன, வண்டி வந்தாப் போதும்" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். ஆறு வருடம் அவரைத் தூக்கியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

சொன்னபடி போன வாரம் புது வண்டியைப் பார்க்கப் போனேன். ஓட்டுநர் நூர்ஜஹான், சொந்த ஊர் நாகூர், நாற்பது வயதிருக்கும். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வாங்க சார், உக்காருங்க சார் என்று மரியாதையாகத்தான் இருந்தார். நான் வழி நெடுகக் குற்றம் தேடினேன். பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறார். கண்ணாடியை ஒரு கையால் திருப்புகிறார். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

முதல் சவாரியே கோமதி. வாசலில் சக்கர நாற்காலியில் தயாராக இருந்தாள்; சில வருடமாகக் கட்டைக்குப் பதில் அதுதான். அடர்நீலப் புடவை, மடியில் ஒரு தோல் பை. என்னைப் பார்த்ததும் "அண்ணே!" என்று முகம் மலர்ந்தாள். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பழக்க தோஷம், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தட்டு எறங்குது" என்றாள் கோமதி.

தள்ளி நின்றேன். தட்டு இறங்கித் தரையைத் தொட்டது. கோமதி சக்கரத்தை உருட்டி அதன் மேல் ஏறினாள், பிரேக் போட்டாள், ஒயரில் தொங்கிய ரிமோட்டை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். யாரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணவில்லை. அவளே நிமிர்ந்து உட்கார்ந்து மேலே போனாள். என் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தத் தட்டை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

வண்டி புறப்பட்டது. இவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று நூர்ஜஹானுக்குத் தெரிய வேண்டாமா? நான் என் கதையை எடுத்தேன். ஐப்பசி மழை, கடப்பைக் கல், மூன்று படி, கும்பிட்ட அப்பா. நன்றாகவே சொன்னேன். முடித்ததும் கோமதி கேட்டாள்.

"அதே கதைய நானும் ஒரு தடவ சொல்லவாண்ணே?"

"சொல்லும்மா" என்றேன். என்னைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை வரப்போகிறது என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

"பத்திரம் எழுதுறவரு எங்கப்பாகிட்ட, 'பொண்ணு படியேறி வந்து உக்காரட்டும், அப்பறம் வேலையப் பத்திப் பேசுவோம்'னு சொல்லியிருந்தாரு. மூணு படிதானேன்னு கொல்லையில அப்பா செங்கல்லுல அதே ஒயரத்துக்குப் படி கட்டிக் குடுத்தாரு. ஆறு மாசம் பழகுனேன். விழுந்து விழுந்து எந்திரிச்சேன். மழையில வழுக்கும்னு, படியில தண்ணி ஊத்தியும் பழகிட்டேன். அன்னைக்கு ஒங்ககிட்ட 'வேணாம்ணே, நான் ஏறிடுவேன்'னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள தூக்கிட்டீங்க."

வண்டி ஆடுதுறைப் பக்கம் போகும் சாலையைத் தாண்டிக் கும்பகோணம் சாலையில் திரும்பியது.

"வேல குடுத்தாரு. பாவம்னு குடுத்தாரு. பதினெட்டு வருஷமா உள் ரூமுல டைப் அடிக்கிறதுதான் வேல. நான் அடிச்ச பத்திரத்த எடுத்துக்கிட்டு வேற ஆளுதான் ரெஜிஸ்டர் ஆபீஸ் போவாங்க. நானும் போறேன்னு எத்தனையோ தடவ கேட்டுருக்கேன். 'ஒன்ன யாரு தூக்கிட்டு அலையறது?'ம்பாரு. மொத நாள் பாத்தத அவரு மறக்கவே இல்ல. இப்ப இந்த வண்டி வந்தப்பறம் மறுபடி கேட்டேன். இன்னைக்குத்தான் மொதத் தடவையா, நெலம் வாங்குறவங்க விக்கிறவங்கன்னு கட்சிக்காரங்கள நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

மடியிலிருந்த தோல் பையைத் தடவிக்கொடுத்தாள். அதற்குள் பத்திரம் இருந்தது.

"ஏம்மா, பதினெட்டு வருஷம் ஒரு வார்த்த சொல்லலியே?" என்றேன்.

"எப்புடிண்ணே சொல்றது? மறுநாளும் நீங்கதானே தூக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலில் இருந்தது உண்மையான பிரியம்தான். அதனால் எனக்கு இன்னும் வலித்தது. ஒரு மனிதனை நம்பித் தரையைவிட்டு மேலே எழும்ப வேண்டியவள், அவனிடம் என்ன சொல்ல முடியும்? மன்னிச்சுக்கம்மா என்று சொல்ல வந்தேன். அவளே பேச்சை மாற்றினாள்.

"ஏதோ புத்தகத்துக்கு எழுதுறீங்களாமே. அந்தக் கதைய எழுதுனீங்கன்னா ரெண்டையும் எழுதுங்க."

பதிவு அலுவலகத்தின் முன் வண்டி நின்றது. நூர்ஜஹான் இஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, இறங்கிப் பின்னால் வந்து கதவைத் திறந்தார். தட்டு இறங்கியது. வாசலில் சின்னதாக ஒரு சாய்தளம், அதன் மேல் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். ஒதுங்கிப் போகிற இடம் குறுகல். இரண்டு கட்சிக்காரர்கள் அங்கே காத்துக்கொண்டு நின்றார்கள். நூர்ஜஹான் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கோமதி, புடிச்சுக்கவா?"

"வேணாம் நூரு" என்றாள் கோமதி.

யோசிக்கவில்லை, தயங்கவில்லை, அவர் மனம் புண்படுமோ என்று முகத்தைப் பார்க்கவில்லை. நூர்ஜஹானும் "சரி" என்று தள்ளி நின்றுகொண்டார். கோமதி ஸ்கூட்டரை ஒட்டி மெதுவாக நாற்காலியை உருட்டினாள். ஓர் இடத்தில் சக்கரம் இடித்தது. பின்னால் வந்து, திருப்பி, மறுபடி ஏறினாள். கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் அவள் பின்னால் போனார்கள்.

இத்தனை நாளும் அந்த இரும்புத் தட்டின் மேல்தான் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நூர்ஜஹானுக்குக் கோமதி கொடுத்தாளே ஒரு 'வேணாம்', அதன் மேல்தான். அண்ணே என்று கூப்பிட்டாள், மோர் கொடுத்தாள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பதினெட்டு வருடத்தில் எனக்குக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.